கேளாத செவியா? கேட்கவிடாத தடையா?



கொல்லிமலைக்கு நீங்கள் சென்றிருக்கிறீர்களா? நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி சற்றுக் கீழிறங்கும். காற்றில் குளிர் சற்று ஏறும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்கப் புலவர்கள் போற்றிய அந்த மலை, இன்று மிளகுக்கும் காப்பிக்கும் பலாவுக்கும் வாழைக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள ஊர்த் தொகுதிகளை மக்கள் 'நாடு' என்றே அழைக்கிறார்கள். வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு எனத் தொடரும் அந்த வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையின்போது அந்தப் பெரக்கரை நாட்டுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மிளகு வியாபாரி ஒருவர் ஆண்டுதோறும் அங்குள்ள தோட்டக்காரர்களிடம் மிளகு கொள்முதல் செய்பவர். "ஹஜ்ரத், நீங்களும் பிள்ளைகளும் ஒரு நாள் மலைக் காற்றைச் சுவாசித்துவிட்டு வரலாமே" என்று அவர் அன்போடு அழைத்தார். என் இரு பிள்ளைகள், அவருடைய எட்டு வயது மகன் என நாங்கள் ஐவராகப் புறப்பட்டோம். அச்சிறுவன் என்னிடம் மக்தபில் ஓதும் மாணவன்.

நாற்பதாவது வளைவைத் தாண்டியிருப்போம். என் மகள், "அத்தா, காது அடைத்துக்கொண்டது. நீங்கள் பேசுவது தூரத்தில் கேட்பது போலிருக்கிறது" என்றாள். மகனும் அதையே சொன்னான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "எச்சிலை விழுங்குங்கள், சரியாகிவிடும்" என்றார் வியாபாரி. விழுங்கினோம். 'டப்'பென்று ஒரு சிற்றொலி. உலகம் மீண்டும் தெளிவாகக் கேட்டது. வியாபாரியின் மகன் மட்டும் ஒன்றும் நடவாதது போல் அமர்ந்திருந்தான். "உனக்குக் காது அடைக்கவில்லையா தம்பி?" என்று அவன் முகத்தருகே குனிந்து கேட்டேன். அவன் சொன்ன விடை இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கிறது.

"எனக்கு எப்போதுமே இப்படித்தான் ஹஜ்ரத் இருக்கும்."

நான் செய்த தவறு

மக்தபில் அந்தச் சிறுவனை நான் 'கவனமில்லாதவன்' என்று முத்திரை குத்தியிருந்தேன். ஸீனையும் ஸாதையும் பிரித்து ஓதிக் காட்டினால், இரண்டையும் ஒன்றாகவே திருப்பிச் சொல்வான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். தனித்து ஓதச் சொன்னால், பக்கத்தில் இருப்பவனுக்கும் எட்டாத மெல்லிய குரலில் ஓதுவான். பல நாள் அவனைக் கடிந்திருக்கிறேன், பின்வரிசைக்கு அனுப்பியிருக்கிறேன், வகுப்பு முடியும் வரை நிற்க வைத்திருக்கிறேன். கேட்காத பிள்ளையை, இன்னும் கேட்க முடியாத தொலைவுக்கு அனுப்பினேன் என்பதை அந்த மலைப் பாதையில்தான் உணர்ந்தேன்.

நான் மருத்துவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். எனினும் அன்று தொட்டு இந்தக் குறைபாட்டைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பது என் கடமை எனக் கருதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம் அல்லவா?

செவியின் மூன்று அறைகள்

வல்ல இறைவன் நமக்களித்த செவி, மூன்று பகுதிகளைக் கொண்டது. வெளியே தெரியும் மடலும், அதிலிருந்து உள்ளே செல்லும் குழாயும் புறச்செவி. அக்குழாயின் முடிவில் மெல்லிய தோல் போன்ற செவிப்பறை இருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள சிறிய காற்றறைதான் நடுச்செவி. அதற்கும் அப்பால், நத்தையின் ஓடு போல் சுருண்டு, திரவம் நிறைந்து, நரம்புகளோடு இணைந்திருப்பது உட்செவி.

காற்றில் பயணம் செய்யும் ஒலி, திரவத்துக்குள் எளிதாக நுழையாது. குளத்து நீரினுள் மூழ்கியிருப்பவனைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். ஒலியின் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். அப்படியானால், திரவம் நிறைந்த உட்செவிக்கு ஒலி எப்படிப் போய்ச் சேருகிறது? அந்த வேலையைச் செய்வதற்காகவே நடுச்செவியில் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி போல் கோக்கப்பட்டுள்ளன. சுத்தியெலும்பு, பட்டடையெலும்பு, அங்கவடியெலும்பு என்பன அவற்றின் பெயர்கள். அங்கவடி என்பது குதிரை ஏறுவோர் கால் வைக்கும் வளையம். அந்த வடிவிலிருக்கும் இவ்வெலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே உடையது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு இதுவே.

செவிப்பறையின் பரப்பு, அங்கவடியின் அடித்தட்டின் பரப்பைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு. அகன்ற இடத்தில் வாங்கிய அதிர்வைக் குறுகிய இடத்தில் குவிப்பதாலும், எலும்புகள் நெம்புகோல் போல் இயங்குவதாலும், ஒலியின் அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்கு பெருகி உட்செவியை அடைகிறது. எத்தகைய நுட்பமான படைப்பு! சுப்ஹானல்லாஹ்!

நடுச்செவிக்கு ஒரு காற்றுவழியும் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் அக்குழலை, 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் ஒருவரின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்பர். பெரும்பாலும் மூடியே கிடக்கும் அக்குழல், நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமமாக்குகிறது.

மலையேறும்போது நடப்பது என்ன?

கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுள்ளது. அடிவாரத்திலிருந்து மேலே சென்றால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நடுச்செவிக்குள் இருக்கும் காற்று அடிவாரத்துக் காற்று. வெளியே இருப்பதோ மலைக்காற்று. உள்ளழுத்தம் மிகுந்து செவிப்பறை வெளிப்புறமாகப் புடைக்கிறது. இறுகிய பறை சரியாக அதிராது. ஆகவே ஒலி மங்குகிறது. எச்சிலை விழுங்கியதும் குழல் திறக்கிறது, சமநிலை திரும்புகிறது.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். அப்போது வெளியழுத்தம் மிகுதி. செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். உள்ளிருக்கும் காற்று தானாக வெளியேறுவதைவிட, வெளிக்காற்று உள்ளே புகுவது கடினம். சளி பிடித்த நேரத்தில் மலையிலிருந்தோ விமானத்திலோ இறங்குவோர் காதுவலியால் துடிப்பதற்கு இதுவே காரணம். பயணத்தில் கைக்குழந்தை இருந்தால், இறங்கும் வேளையில் பால் கொடுங்கள். அது விழுங்க விழுங்கக் குழல் திறந்துகொள்ளும்.

வாசகர்களே! உட்செவியும் நரம்பும் நலமாக இருந்தும், அவற்றுக்கு ஒலி போய்ச் சேரும் பாதையில் தடை விழுந்து ஏற்படும் இத்தகைய குறைபாட்டை மருத்துவர்கள் 'கடத்தல் வகைச் செவிக்குறை' என்பர். நமக்கு மலைப் பாதையில் சில நிமிடங்கள் நேர்ந்த அந்த நிலையிலேயே அச்சிறுவன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துகொண்டிருந்தான்.

உட்செவியோ நரம்போ பழுதுற்றால் வருவது 'நரம்பு வகைச் செவிக்குறை'. அதில் ஒலியின் அளவு மட்டுமல்லாமல் தெளிவும் கெடும். கடத்தல் வகையிலோ தெளிவு பெரும்பாலும் கெடுவதில்லை. உரக்கச் சொன்னால் விளங்கிவிடும். இவ்வகைக் குறைபாடுகளிற் பெரும்பாலானவை சிகிச்சையால் குணமாகக் கூடியவை அல்லது பெரிதும் சீராகக் கூடியவை என்பதே நாம் அறிய வேண்டிய நற்செய்தி.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒலியெழுப்புங்கள். இப்போது ஒரு காதை மட்டும் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது? அடைத்த காதில்தான்! உங்கள் குரல் மண்டை எலும்பின் வழியாக நேரே உட்செவியை அடைகிறது. அடைபட்ட காதிலோ வெளியிரைச்சல் குறுக்கிடுவதில்லை, உள்ளே வந்த ஒலியும் வெளியேறுவதில்லை. இக்குறையுள்ளோர்க்குத் தம் குரல் தமக்கு உரக்கக் கேட்பதால், அவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். நம் சிறுவன் மெல்லிய குரலில் ஓதியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மருத்துவர்களும் இதே தத்துவத்தைக் கொண்டே சோதிக்கிறார்கள். இசைக்கவை என்னும் கவட்டை வடிவ உலோகக் கருவியைத் தட்டி, அதிரும் அதன் காம்பைக் காதின் பின்னெலும்பில் வைப்பார்கள். ஒலி நின்றுவிட்டது என்று நோயாளி சொன்னதும் அதைக் காதின் முன்னே காட்டுவார்கள். நலமான காது அப்போதும் ஒலியைக் கேட்கும். கடத்தல் குறையுள்ள காதோ காற்று வழியே வருவதைக் கேளாது. எலும்பு வழியே வருவதையே நன்கு கேட்கும். 1855-இல் ஜெர்மானிய மருத்துவர் ரின்னே வகுத்த இச்சோதனை, இத்தனை கருவிகள் வந்த பின்பும் கைவிடப்படவில்லை. இதன்பின் ஆடியோமீட்டர் என்னும் கருவியால், காற்று வழிக் கேட்புக்கும் எலும்பு வழிக் கேட்புக்கும் உள்ள இடைவெளியை டெசிபல் கணக்கில் அளந்து வரைபடமாகத் தருவார்கள்.

தடைகளும் தீர்வுகளும்

*காதுக் குறும்பி:* குறும்பி அழுக்கன்று. காதின் தோலைக் காக்க இறைவன் வைத்த மெழுகு. அது தானாகவே மெல்ல வெளியேறும். பஞ்சுக் குச்சி, ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி ஆகியவற்றால் நாம் குடையும்போதுதான் அது உள்ளே தள்ளப்பட்டு அடைப்பாகிறது. மருத்துவர் சொட்டு மருந்தால் இளக்கி, கருவியால் எடுப்பார். அல்லது உடற்சூட்டு அளவிலான நீரைப் பீய்ச்சி எடுப்பார். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு நீர் பீய்ச்சலாகாது. எனவே இதை வீட்டில் முயலாதீர்கள்.

*உள்ளே விழுந்த பொருள்கள்:* கொண்டைக்கடலை, பட்டாணி, மணி, பென்சில் முனை எனக் குழந்தைகள் காதில் போட்டுக்கொள்ளாத பொருளில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொர்டோவாவில் வாழ்ந்த அறுவைச் சிகிச்சை மேதை அல்ஸஹ்ராவீ, தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் காதில் விழும் பொருள்களைக் கல் முதலியவை, விதைகள், நீர்மங்கள், உயிரினங்கள் என வகைப்படுத்தி, எடுக்கும் முறைகளை விளக்கியிருக்கிறார். விதைகள் நீர் பட்டால் ஊதிப் பெருக்கும். ஆகவே நீர் ஊற்றாதீர்கள். பூச்சி புகுந்தால், செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இல்லாதவர்க்குச் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு அதன் அசைவை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள். பொத்தான் வடிவ மின்கலம் விழுந்திருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். அது தசையை அரித்துவிடும்.

*சீழ் வடியும் காது:* இதை ஓர் இயல்பான நிகழ்ச்சியாகக் கருதும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. 'பெரியவனானால் நின்றுவிடும்' என்பார்கள். அவ்வாறு விடுவதால் செவிப்பறையின் ஓட்டை நிலைத்துவிடலாம். எலும்புச் சங்கிலியும் அரிக்கப்படலாம். காதைத் துடைத்து உலர வைப்பதும், மருத்துவர் தரும் சொட்டு மருந்துமே முதற் சிகிச்சை. சீழ் நின்று காது உலர்ந்தபின், காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை மூடும் அறுவைச் சிகிச்சை செய்யலாம். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் வளர்த்தெடுத்த இவ்வகை அறுவைச் சிகிச்சை இன்று மாவட்டத் தலைநகர்களிலும் நடைபெறுகிறது.

ஓர் எச்சரிக்கை: குறைந்த அளவே ஆயினும் துர்நாற்றத்தோடு சீழ் வடிந்தால், உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம். சீழோடு காதின் பின்புறம் வீக்கம், கடுந்தலைவலி, தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூளைக்காய்ச்சல் வரை அது இட்டுச் செல்லக்கூடும்.

*பசைக் காது:* நம் சிறுவனுக்கு இருந்தது இதுவே. குழந்தைகளின் யூஸ்டேஷியன் குழல் குட்டையானது, கிடைமட்டமாக அமைந்தது. அடிக்கடி சளி பிடிப்பதாலோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டுச் சதை பெருத்திருப்பதாலோ அது அடைபட்டால், நடுச்செவிக் காற்று உறிஞ்சப்பட்டு, அவ்விடத்தில் பசை போன்ற நீர் தேங்குகிறது. வலியில்லை, சீழில்லை, காய்ச்சலில்லை. ஆகவே யாரும் கண்டறிவதில்லை! பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே நீங்கிவிடும் என்பதால், மருத்துவர்கள் முதலில் காத்திருந்து பார்ப்பார்கள். நீங்காவிடில் செவிப்பறையில் நுண்ணிய துளையிட்டு, 'குரோமெட்' எனப்படும் சின்னஞ்சிறு குழலைப் பொருத்துவார்கள். அது சில மாதங்கள் காற்றோட்டம் தந்துவிட்டுத் தானே விழுந்துவிடும்.

*அங்கவடி இறுகுதல்:* சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இளமையிலோ நடுவயதிலோ அங்கவடியெலும்பு அசையாமல் இறுகிப்போகிறது. பேறுகாலத்தை ஒட்டி இக்குறை வெளிப்படுவதும் உண்டு. 'வீட்டு வேலைக் களைப்பு' என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள், சகோதரிகளே! 1956-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஷே, இறுகிய எலும்பை நீக்கிச் செயற்கை எலும்பைப் பொருத்திக் கேட்கச் செய்தார். இன்று அது உலகெங்கும் நடைபெறும் அறுவைச் சிகிச்சை. அதை விரும்பாதவர்க்குக் காதுக் கருவியும் நற்பயன் தரும்.

*பிறவித் தடை:* காது மடலோ குழாயோ வளராமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களின் உட்செவி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். எலும்பு வழியே ஒலியைச் செலுத்தும் கருவியைத் தலைப்பட்டை போல் அணிவித்து, பேச்சு வளரும் பருவத்திலேயே அவர்களைக் கேட்கச் செய்யலாம். மண்டையெலும்பில் பொருத்தும் வகைக் கருவி, 1977-இல் சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

தடை ஏதும் தெரியாமல் திடீரென ஒரு காது கேளாமற் போனால், அது நரம்பு வகையாக இருக்கலாம். சளியென்று எண்ணிக் காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைக் காணுங்கள். தாமதித்தால் கேட்பு மீளாமற் போகலாம்.

நோன்பும் உளூவும்

நோன்பு காலத்தில் காதில் சொட்டு மருந்து விடலாமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. முற்கால ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட நூல்களில், காதினுள் மருந்து விடுவது நோன்பை முறிக்கும் என்ற கருத்தே பெரிதும் காணப்படுகிறது. காதிலிருந்து உள்ளே வழி உண்டு என்பது அதன் அடிப்படை. செவிப்பறை முழுமையாக இருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கிறது என்பதும், ஓட்டை இருந்தால் மருந்து குழல் வழியே தொண்டைக்கு இறங்கலாம் என்பதும் உடற்கூற்று உண்மைகள். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் காதுச் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என முடிவு செய்தது. பேணுதலை விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டு, இஃப்தாருக்குப் பின்னும் ஸஹருக்கு முன்னும் மருந்து விட்டுக்கொள்ளலாம். பகலிலும் கட்டாயம் தேவை என்றால், தம் மத்ஹபின் ஆலிமிடம் சட்டம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்கு மார்க்கத்தில் சலுகை உண்டு; மருந்தை நிறுத்திச் செவியை இழப்பது பக்தியாகாது.

செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் காதினுள் நீர் புகாமல் காக்க வேண்டும். உளூவில் காதுகளுக்கு மஸ்ஹு செய்வது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹப்களில் சுன்னத்தேயன்றி ஃபர்ளு அன்று. அதுவும் ஈர விரலால் தடவுவதேயன்றி நீர் ஊற்றுவதன்று. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, வெளிமடலைக் கையால் நனைத்துக் கழுவலாம். குளத்திலும் ஆற்றிலும் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் குழந்தை, 'என்ன? என்ன?' என்று அடிக்கடி கேட்கும் குழந்தை, பேசுபவரின் உதடுகளையே உற்றுநோக்கும் குழந்தை, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தை, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்கும் குழந்தை, பாடத்தில் திடீரெனப் பின்தங்கும் குழந்தை ஆகியோரைக் கடிவதற்கு முன் காதைச் சோதியுங்கள்.

தாய்மார்களே! மல்லாந்து படுத்த நிலையில் குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டாதீர்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் காதில் ஊற்றாதீர்கள். அடுப்புப் புகையும் பீடி, சிகரெட்டுப் புகையும் குழந்தையின் காதுக்குப் பகை. நியுமோகாக்கல் தடுப்பூசி, 2017-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2021-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. அது காதுச் சீழுக்குக் காரணமான கிருமிகளில் ஒன்றைத் தடுக்கிறது, தவறாமல் போடுங்கள்.

என் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையின் கன்னத்தில் ஒருபோதும் அறையாதீர்கள். விரிந்த உள்ளங்கை காதின் மீது பட்டால், அடைபட்ட காற்றின் அழுத்தத்தாலேயே செவிப்பறை கிழிந்துவிடும். ஓதிக் கொடுப்பதற்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தின் செவியை நாமே கெடுத்தால், நாளை மறுமையில் என்ன விடை சொல்வோம்?

சிகிச்சைக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 2006-07-இல் மத்திய அரசு தேசியச் செவிக்குறைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து செவிக்குறையையும் காதுச் சீழையும் சோதிக்கிறார்கள். நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் காது சிகிச்சைக்காகச் சேலத்துக்கும் சென்னைக்கும் அலைந்த காலம் மாறி வருகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

அந்தச் சிறுவன் என்னவானான்?

மலையிலிருந்து இறங்கிய மறுவாரமே, தந்தையும் மகனுமாக ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னே பசைநீர் தேங்கியிருந்தது. மூன்று மாதங்கள் காத்திருந்தும் வடியவில்லை. பின்னர் அடினாய்டுச் சதையை நீக்கி, இரு காதுகளிலும் குழல் பொருத்தினார்கள். அன்று மாலை அவன் தன் தாயிடம், "உம்மா, மின்விசிறி இவ்வளவு சத்தமாகவா சுற்றும்?" என்று கேட்டானாம். அந்தத் தாய் அழுதுவிட்டார்.

மக்தபுக்குத் திரும்பிய அன்று, நான் அவனை முன்வரிசையில் அமர்த்தி, மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலேயே, "உன்னை நான் தவறாக எண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள் தம்பி" என்றேன். அவன் நாணித் தலைகுனிந்தான். பிறகு ஸீனை ஸீனாகவும் ஸாதை ஸாதாகவும் ஓதினான், எல்லோருக்கும் கேட்கும் குரலில். அல்ஹம்துலில்லாஹ்!

பல்கு நாட்டுப் பெரியார் ஹாதிமுல் அஸம்மு (ரஹ்) அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'அஸம்மு' என்றால் செவிடர் என்று பொருள். உண்மையில் அவர்கள் செவிடர் அல்லர் என்றும், தம்மிடம் சட்டம் கேட்க வந்த ஒரு பெண்மணி எதிர்பாராமல் நாணும்படி நேர்ந்தபோது, அவருடைய மானம் காப்பதற்காகக் காது கேளாதவர் போல் நடந்துகொண்டார்கள் என்றும், அதனாலேயே அப்பெயர் நிலைத்தது என்றும் வரலாறு கூறுகிறது. பிறர் மானம் காக்கத் தம்மைச் செவிடராக்கிக்கொண்ட பெரியாரின் வழிவந்த நாம், உண்மையிலேயே கேளாதவர்களைக் 'கவனமில்லாதவன்' என்றும் 'செவிட்டுப் பிள்ளை' என்றும் மானபங்கம் செய்யலாமா?

இன்றிரவே உங்கள் பிள்ளை புறமுதுகு காட்டி அமர்ந்திருக்கும்போது, மெல்லிய குரலில் அதன் பெயரைச் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பினால் இறைவனுக்கு நன்றி செலுத்துங்கள். திரும்பவில்லையானால் கோபப்படாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல நாயன் நம் மக்களுக்கு நன்கு கேட்கும் செவிகளையும், நமக்கு அவர்களின் குறையறிந்து அரவணைக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.